துடுப்புக்காரியின் கடைசிப் பாகம்

மாமா வாங்கிய மீன் லொறி ஜப்பானில் நெடுங்காலம் ஓடிக் களைத்த பிறகுதான் எங்கள் ஊரான கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தது. குளிர்ப்பெட்டி பூட்டிய லொறி. அதன் கதவில் ஜப்பான் எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. மீன் கம்பனியின் பெயரா, பூக்கடையின் பெயரா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மாமா அதை அழிக்கவும் விடவில்லை. அந்த எழுத்து இருந்தால்தான் லொறிக்கு மதிப்பு என்பார். சாரதி ஆசனத்துக்குப் பின்னால் ஒரு கையுறையும், ஈரத்தில் கொஞ்சம் வீங்கிப்போன ஒரு தடித்த படக்கதைப் புத்தகமும் கிடந்தன. கையுறையை மாமா வைத்துக்கொண்டார். புத்தகத்தை என்னிடம் தந்தார். எங்கள் குடும்பத்தில் புத்தகம் என்று எதைக் கண்டாலும் என்னிடம் தருவதுதான் வழக்கம்.

இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. வாப்பா கையெழுத்து மட்டும் போடுவார். உம்மா குர்ஆன் கற்கும் ஓதப்பள்ளியோடு நின்றவர். தாத்தா எட்டாம் வகுப்பில் பாடசாலையை விட்டுவிட்டு, கடற்கரையில் இருந்த எங்கள் வாடியில் கருவாடு காயப்போட வந்துவிட்டாள். தாத்தா என்றால் எங்கள் பக்கத்தில் அக்கா. இதைப் பிறருக்கு விளக்கியே என் விடுதி வாழ்க்கையில் பாதி போனது. ஆகவே, பதினொரு வயதில், வீட்டில் முழுதாகப் படிக்கப்போகிறவள் நான் ஒருத்திதான். மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதையும் மின்சாரச் சபைக் கடிதத்தையும் வாசித்துச் சொல்வது நான்தான். ஜப்பான் புத்தகத்தையும் நானே வாசித்துச் சொல்லவேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நானும் மறுக்கவில்லை.

எங்கள் பாடநூலைத் திறப்பதுபோல அதைத் திறந்தேன். எழுத்து விளங்காததால் படங்களைப் பார்த்தே கதையைக் கட்டினேன். ஒரு பெண், தாத்தாவின் வயதிருக்கும். கையில் தன்னைவிட உயரமான துடுப்பு. தோளில் ஒரு கொக்கு. அவள் துடுப்பை வீசும்போதெல்லாம் சிதறிக் கிடந்த பலகைகள் ஒன்றுசேர்ந்து படகாகின்றன. கடலில் விழுந்த முரடர்கள் எழும்பி வந்து வரிசையாக நிற்கிறார்கள். புயல் அடங்குகிறது. கடைசியில் அவள் ஒரு சின்னத் துறையில் இறங்கி வீட்டுக்குப் போகிறாள். தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு போடுகிறாள். அவள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள். உடைந்ததையெல்லாம் பொருத்திவிட்டு வீடு திரும்பும் ஒருத்தியின் கதை. வாடிக்கு வேலைக்கு வரும் எங்கள் ஒழுங்கைத் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் இதைச் சொன்னேன். அவளுக்குத் துடுப்புக்காரி என்று பெயரும் வைத்தேன். அவர்கள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள்.

தாத்தா மட்டும் செதில் ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கி மறுபக்கமாகத் திருப்பினாள்.

“குர்ஆன எந்தப் பக்கத்தால திறக்கிற?”

“வலப்பக்கத்தால.”

“இதயும் அப்படிப் பாரு. காலையில எழும்புறா. சாப்பிடுறா. உம்மா அழுறா. தோணி ஏறிப் போறா. பிறகு சண்டைக்கு வந்தவன்ட படகயெல்லாம் போட்டு உடைக்கிறா. இதுதான் கதை.”

“ஜப்பான்காரன் என்ன ஓதப்பள்ளிக்கா போனவன்?”

“அவன் போனானோ தெரியா. நீ போய் ஒண்டும் படிக்கல்ல எண்டு விளங்குது.”

அன்றிலிருந்து எங்கள் வாடி இரண்டாகப் பிரிந்தது. வருகிறாள் என்று சொன்னவர்கள் என் பக்கம். போகிறாள் என்று சொன்னவர்கள் தாத்தா பக்கம். சூடை மீனைத் தலைகிள்ளி உப்பில் போடும்போதும், மழை இருட்டிக்கொண்டு வந்து பாய்களை இழுத்து மூடும்போதும் இதே கதைதான். உம்மா இரண்டு பக்கமும் சேராமல், எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறுதான் கிடைக்கிறது என்று கவலைப்பட்டார்.

அந்தச் சமயத்தில்தான் என் புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்தது. கொழும்பில் ஒரு பெரிய மகளிர் பாடசாலையில் இடம் கிடைக்கும். விடுதியில் தங்கிப் படிக்கலாம் என்று எங்கள் பாடசாலை அதிபர் வீடு தேடி வந்து சொன்னார். வாப்பா அவருக்குக் கதிரையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணி கொடுத்து, நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “மகள் விரும்பினா போகட்டும். அழுதுகொண்டு போக வேணாம்” என்று முடித்தார்.

நான் விரும்பவில்லை. முடிவு வந்ததில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல. ஒழுங்கையில் தலை நிமிர்ந்துதான் நடந்தேன். ஆனால் கொழும்பு வேண்டாம். உம்மாவின் பக்கத்தில் படுக்காமல் எப்படித் தூங்குவது என்பதே என் பிரச்சினை. இதை வெளியே சொல்ல முடியாததால், கொழும்பில் தண்ணீர் நல்லதில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாமா ஒருநாள் கொழும்பில் மீன் இறக்கிவிட்டு வந்து, லொறியை நிறுத்துவதற்கு முன்பே கத்தினார். “அந்தப் புள்ள மனுசியா வந்திரிக்கி.”

மீன் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த ஃபோன் கடைப் பொடியன் ஒருவன் ஏதோ ஒரு நாடகம் பார்த்துக்கொண்டிருந்தானாம். மாமா எட்டிப் பார்த்தால், துடுப்பு, கொக்கு, எங்கள் துடுப்புக்காரி. உயிருள்ள மனிதர்கள் நடித்த டீவித் தொடர். எட்டுப் பாகம். கீழே ஆங்கிலத்தில் வசனம் ஓடுகிறது. இதுவரை ஏழுதான் வந்திருக்கிறது, கடைசிப் பாகம் அடுத்த கிழமை வரும், வந்ததும் ஏற்றித் தருகிறேன் என்று அந்தப் பொடியன் சொல்லியிருந்தான். ஏழு பாகத்தையும் பென் டிரைவ் ஒன்றில் ஏற்றி மாமா சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார்.

“அப்ப நல்லதாப் போச்சு” என்றாள் தாத்தா. என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “இனி எங்கட சண்டைய டீவிக்காரன் தீர்க்கட்டும். அவ வீட்ட விட்டுப் போறவ எண்டா நீ கொழும்புக்குப் போற. வீட்டுக்குத் திரும்பி வாறவ எண்டா நீ இங்கயே இரி. வாப்பாட்ட நான் கதைக்கிறன்.”

“பந்தயம் ஹராம்” என்றார் உம்மா அடுப்படியிலிருந்து.

“காசு வைக்கல்லயே உம்மா. புள்ளயத்தானே வைக்கிறன்.”

எனக்கு என் வாசிப்பில் முழு நம்பிக்கை. சரி என்றேன்.

மாமா வீட்டு டீவிக்கு முன்னால், அஸர் தொழுகைக்குப் பிறகு, நாளுக்கு ஒரு பாகம் என்று பார்த்தோம். ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் டீவிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கதிரை. வசனம் ஓடுகிற வேகத்தில் மூன்றில் ஒன்றுதான் பிடிபடும். மிச்சத்தை முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். சொல்லவும் அதிகம் அவகாசமில்லை. முதல் பாகம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் வாடியின் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டது. துடுப்புக்காரியை நாங்கள்தான் வளர்த்து ஆளாக்கி, யாரோ கட்டிக்கொண்டு போய்க் கொடுமைப்படுத்துவதுபோல எல்லோருக்கும் ஆத்திரம்.

“இவளா? இவள்ட நகத்தப் பாருங்க. இவ ஒருநாளும் தண்டு வலிச்சவ இல்ல.”

“துடுப்பு பொய். தூக்கேக்க கை நடுங்கல்ல. விளக்குமாத்துத் தடி.”

“வில்லன் எங்கட பஸ் கொண்டக்டர் மாதிரி இரிக்கிறான். புத்தகத்துல பாத்தா எனக்குச் சோறு இறங்காது. இவன்கிட்ட மிச்சக் காசு கேக்கலாம்.”

“கொக்கு கொம்பியூட்டர்.”

“கொக்குப் பரவாயில்ல. கால்தான் சரியில்ல. நம்மட களப்புக் கொக்கு இப்படியா நிக்கும்?”

மாமாவுக்குக் கடலின் நிறம் பிடிக்கவில்லை. உம்மாவுக்கு, அந்தப் பிள்ளை நனைந்த உடுப்போடேயே இருப்பது பிடிக்கவில்லை. மூன்றாம் பாகத்திலிருந்து உம்மா அவளுக்குக் காய்ச்சல் வருமா என்று என்னிடம் கேட்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில் அப்படி ஒன்றும் போடவில்லை என்று நான் சொன்னால், “ஒழுங்காப் பாரு மகள், போட்டிருப்பாங்க” என்பார். இவ்வளவு குறை சொன்னவர்களில் ஒருவர்கூட ஒரு பாகத்தையும் தவறவிடவில்லை. ஐந்தாம் பாகத்தில் கொக்கு காணாமல் போனபோது, அடுத்த பாகத்தில் அது திரும்பி வரும்வரை வாடியில் யாரும் சரியாக வேலை செய்யவில்லை.

ஆனால் எங்கள் சண்டை தீரவில்லை. டீவிக்காரர்கள் கதையை நடுவில் தொடங்கியிருந்தார்கள். முதல் காட்சியிலேயே அவள் கடலில் இருக்கிறாள். வீடும் இல்லை, தாயும் இல்லை. அவள் துடுப்பால் அடித்த படகுகள் உடைந்தன, உண்மைதான், ஒன்றுசேரவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நான் தோற்றேன் என்று தாத்தா வாடி முழுக்கச் சொன்னாள். ஆனால் வீடு கடைசிப் பாகத்தில் வரும் என்று நான் அடித்துச் சொன்னேன். ஏழாம் பாகத்தின் முடிவில் தூரத்தில் ஒரு கரை தெரிந்தது. அன்று தாத்தா உடனே எழுந்து போனாள்.

எட்டாம் பாகத்தோடு மாமா வந்த நாள் எனக்கு ஓதப்பள்ளி இருந்தது. முடிந்ததும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாமா வீட்டுக்கு ஓடினேன். டீவி அணைந்திருந்தது. மாமா பென்னை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வாயால் ஊதி, தொடையில் தேய்த்துக்கொண்டிருந்தார். தாத்தா அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, பாயில் நீட்டிக்கொண்டிருந்த ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓடுதில்ல மகள்” என்றார் மாமா. “வெயில் பட்டிரிக்கிம்.”

“போட்டுப் பார்த்தீங்களா?”

“ஓம். தாத்தாவும் நானும் போட்டுப் பார்த்தம். ஓடல்ல.”

“கொஞ்சமும் ஓடல்லயா?”

“கொஞ்சமும் ஓடல்ல” என்றாள் தாத்தா. பிறகு, யாரும் கேட்காமலே, “அவனுகள் கதைய நாசமாக்கிட்டானுகள்” என்றாள்.

“நேத்து நல்லா இரிக்கி எண்டு சொன்னீங்களே தாத்தா.”

“கொக்குட கால் சரியில்ல எண்டு சொன்னனே. அதத்தான் சொல்றன்.”

நான் அழத் தயாரானேன். அப்போது மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, நியாயம் தீர்க்கும் பள்ளிவாசல் தலைவரைப்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏழு பாகத்தில் அந்தப் பிள்ளை போய்க்கொண்டுதான் இருக்கிறாள். ஆகவே இப்போதைக்கு வென்றது தாத்தா. ஆனால் கடைசிப் பாகம் கொழும்பில் பழுதில்லாமல் இருக்கிறது. நான் கொழும்புக்குப் போய் அதைப் பார்க்கவேண்டும். அவள் வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தால் ஒரு ஃபோன் அடித்தால் போதும். அன்றைக்கே லொறியில் வந்து என்னைப் பெட்டியோடு ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்.

“வல்லாஹி?” என்று கேட்டேன்.

“வல்லாஹி” என்றார். இது பொய்யில்லை. மாமா சத்தியம் பண்ணினால் செய்வார்.

அப்படித்தான் நான் கொழும்புக்குப் போனேன். மற்றப் பிள்ளைகள் கல்விக்காகப் போவார்கள். நான் எட்டாம் பாகத்துக்காகப் போனேன். விடுதி வாசலில் நான் அழவில்லை என்று வாப்பா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். நான் எதற்கு அழவேண்டும்? இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்றல்லவா நினைத்திருந்தேன்.

இரண்டு நாளில் அது நடக்கவில்லை; பாடசாலையின் முதல் தவணையில் பாதி போனது. விடுதியில் டீவி இல்லை. முதல் கிழமை முழுதும் போர்வைக்குள் அழுதேன். பிறகு நூலகம் என்ற ஓர் இடம் இருப்பதைக் கண்டுபிடித்தேன். பிறகு கணிதப் பாடத்தில் முதலாவதாக வந்தேன். பிறகு வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவளும் துடுப்புக்காரியின் ஆள் என்று தெரியவந்தது. அவள் கொழும்பிலேயே தெமட்டகொடையில் இருந்து வருகிறவள். அதே கதையை ஆங்கிலத்தில் படித்திருந்தாள். புத்தகத்தை வலப்பக்கத்தால்தான் திறக்கவேண்டும் என்று அவள் சொன்னபோது, எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று சொல்லிவிட்டேன். புத்தகத்தில் துடுப்புக்காரி முதல் பக்கத்திலேயே வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். கதை இன்னும் முடியவில்லை, அவள் இன்னும் திரும்பவில்லை என்றும் சொன்னாள். “ஆனா டீவியில வேற மாதிரி முடிச்சிட்டாங்க” என்றாள் வெறுப்போடு.

ஒரு சனிக்கிழமை அனுமதி எடுத்து அவள் வீட்டுக்குப் போய் எட்டாம் பாகத்தைப் பார்த்தேன். துடுப்புக்காரி கரையில் இறங்கினாள். துடுப்பைச் சுவரில் சாத்திவிட்டுத் தாய் போட்ட சோற்றைச் சாப்பிட்டாள். இனி எங்கும் போவதில்லை என்று சொன்னாள். பக்கத்தில் இருந்தவள், இது மோசமான முடிவு, சோம்பேறிகளின் வேலை என்று திட்டிக்கொண்டே இருந்தாள். நான் சேர்ந்து திட்டினேன், உள்ளுக்குள் துள்ளினேன்.

விடுதிக்கு வந்ததும் பொறுப்பாளர் மிஸ்ஸின் ஃபோனில் வீட்டுக்கு எடுத்தேன். தாத்தாதான் பேசினாள்.

“தாத்தா, நான் பார்த்துட்டன். நான்தான் வென்ற. அவ திரும்பி வாறா.”

பின்னால் உம்மா யாரையோ கூப்பிடுவது கேட்டது.

“அப்படியா?” என்றாள் தாத்தா. “நாங்க பார்க்கல்லயே. சொல்லு பாப்பம்.”

பாவம், வாடியில் யாருமே பார்க்காத பாகம் என்று நினைத்தேன். ஆகவே தொடக்கத்திலிருந்து சொன்னேன். கரை வந்ததை, தாய் ஓடி வந்ததை, சோற்றை. தாத்தா இடையிடையே “ம்” என்றாள், “பிறகு” என்றாள். அவள் இவ்வளவு அமைதியாக நான் சொன்ன எதையும் அதற்கு முன் கேட்டதில்லை. சொல்லிக்கொண்டே போனதில் கணிதப் புள்ளிகளுக்கு வந்தேன், அங்கிருந்து நூலகத்துக்கு, அங்கிருந்து திங்கட்கிழமை மேடையில் நான் பேசப்போகும் பேச்சுக்கு. மிஸ் ஃபோனைக் கேட்டுக் கையை நீட்டும்வரை பேசினேன். லொறியை அனுப்பச் சொல்ல மறந்துவிட்டேன். அது நினைவுக்கு வந்தபோது இரவுச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. மேடைப் பேச்சு முடிந்த பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

ஃபோனை வைக்கும் முன் தாத்தா ஒன்றே ஒன்று சொன்னாள். நான் அவசரத்தில், கடைசியில் கொக்குப் பறந்து போய்விட்டது என்று சொல்லியிருந்தேன்.

“பறந்து போகல்லடி” என்றாள். “கூரைக்கு மேல ஏறி நிண்டது.”

“ஓம், கூரைதான். மறந்துட்டன்” என்றேன் நான். பார்க்காத ஒருத்திக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்க, வகுப்பில் முதலாவதாக வந்த எனக்குத் தோன்றவே இல்லை.