சுடாத மணல்

கோலா சுங்கை பாரு பக்கம் கடலோரத்தில் மணல்மேடுகள் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி செல்வி, அவள் தம்பி குமார், நான் மூவரும் சைக்கிளில் போனோம். மேட்டில் சக்கரம் புதைந்தது. சைக்கிளைக் கீழேயே நிறுத்தி, வழுக்கிய சிலிப்பரையும் ஹேண்டிலில் மாட்டிவிட்டு ஏறினோம். உச்சி வெயில்.

“ஐயோ, சுடுது!” என்று செல்வி நிழலுக்கு நிழல் ஓடினாள். குமார் குதித்தான். நான் மட்டும் நிதானமாக நடந்தேன்.

“மாமா, ஒங்களுக்குச் சுடவே இல்லையா?”

“பத்து வருசம் தீ மிதிச்ச காலு லா இது!”

அம்மன் அருள் என்று செல்வி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் நம்பினேன். உச்சியில் இடுப்பில் கைவைத்து நின்று படம் வேறு எடுத்துக்கொண்டேன், மடையன்.

மறுநாள் வலது உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். மஞ்சள் பூசினோம். வலிக்காததால் கிளினிக்குக்குப் போகவில்லை. எனக்குக் காவல் வேலை, நாள் முழுக்கப் பூட்ஸ். ஒரு வாரத்தில் காலிலிருந்து வீச்சம் எழுந்தது.

மருத்துவமனையில் இளம் டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். நைலான் இழையால் பாதத்தைத் தொடும்போது சொல்ல வேண்டுமாம். எப்போது தொடுவார் என்று காத்திருந்தேன். கண்ணைத் திறந்தபோது அவர் தொட்டு முடித்திருந்தார்.

“இனிப்பு நீர் வந்து எத்தன வருசம், அங்கிள்?”

“சர்க்கரைன்னு தெரிஞ்சு எட்டு.”

“கால காட்டவே இல்லையா?”

“வலியே இல்லையே, டாக்டர்.”

“அதான் வியாதி, அங்கிள்.”

நரம்புச் சிதைவு (சர்க்கரை கூடி உணர்வு செத்துப்போவது) என்று விளக்கினார். அதற்குள் அழுகல் ஏறியிருந்தது. முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

செல்வி வார்டுக்கு விபூதி கொண்டுவந்தாள். “எந்த அருளு? எடுத்துட்டுப் போ!” என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவள் பொட்டலத்தை மடித்து வைத்துக்கொண்டாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

உங்களுக்கும் இந்த நோய் இருந்தால் தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். வலி சொல்லும் என்று காத்திருக்காதீர்கள்.

இப்போது எனக்கு மாய வலி (வெட்டி எடுத்த உறுப்பு இன்னும் இருந்து வலிப்பதாக உணர்வது) வருகிறது. சிலருக்குக் குடைச்சலாக வருமாம். எனக்கு, இல்லாத அந்த உள்ளங்கால் சுடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலைத் தூக்கிக்கொள்கிறேன். “ஐயோ, சுடுது” என்று கத்துகிறேன், ஏழு மாதம் பிந்தி.