மிஸ் கிளாரிஸ் போகாத அடக்கங்கள்

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் பையன், "மெர்லின் மிஸ், கேட் மிஸ் போயிட்டாங்களாமே" என்றான். "எங்க போனாங்க? இன்னிக்கு ஸ்கூல் இருக்கே" என்று அவனை அதட்டினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் இறங்கி, பாதாம் மரத்தடியில் அவருடைய நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை என் குடையை வாங்கிக்கொண்டு போன பெண். ஞாயிறன்று பூசைக்குப் போய், வீட்டில் ஈரப்பலாவைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, ஆயில் டவுன் என்கிற எங்கள் ஊர்க் கூட்டு ஒரு பானை சமைத்து, பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பிவிட்டு, கொஞ்ச நேரம் படுக்கிறேன் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. இப்படியும் ஒரு மனுஷி போவாளா என்று எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

கிளாரிஸ் கடோர் எங்கள் பள்ளியின் மழலை வகுப்பு ஆசிரியை. நல்ல பெருத்த உடம்பு. சிரித்தால் மூன்று வகுப்புக்குக் கேட்கும். ஆனால் ஊரில் யாரும் அவரை மழலை வகுப்போடு சேர்த்துச் சொல்வதில்லை, 'கேட் மிஸ்' என்றுதான் சொல்வார்கள். எங்கள் கேட்டைத் தாண்டினால் நேரே கடற்கரைச் சாலை. கல்குவாரி லாரிகள் அந்த வளைவில் பிரேக் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு வரும். அதனால் தினமும் பள்ளி விட்டதும் மிஸ் கிளாரிஸ் நாற்காலியை மரத்தடியில் போட்டு உட்கார்ந்துவிடுவார். மடியில் ஒரு பாத்திரம், அதில் உரிக்கப் பச்சைத் துவரை. கூட்டிப்போக ஆள் வந்தால்தான் பிள்ளை வெளியே போகும். அதிலும் சும்மா "போ" என்று அனுப்ப மாட்டார். பிள்ளையின் கையைப் பிடித்து, வந்தவரின் கையில் வைத்து, அவர் இறுக்கிப் பிடித்ததைப் பார்த்த பிறகே தன் கையை எடுப்பார். தலைநகரத்து ஹோட்டல்களில் வேலை பார்க்கும் தாய்மார்கள் பொழுது சாயும்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். அதுவரை அவர் அசைய மாட்டார்.

எங்கள் தீவில் ஒரு வாத்தியார் செத்தால் அந்த வட்டாரத்துப் பள்ளிகள் எல்லாம் அரை நாளோடு மூடிவிடும். கிரெனடாவில் பிறந்த யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை. வெள்ளையும் ஊதாவும் உடுத்திக்கொண்டு, கோவில் வாசலில் இரண்டு வரிசையாக நின்று, சவப்பெட்டியை நடுவே போகவிடுவோம். அந்த மாதிரி நாட்களிலும் மிஸ் கிளாரிஸ் கேட்டில்தான். "நீங்க போயிட்டு வாங்க, பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன்" என்பார். அவருடைய உயிர்த்தோழி ஆக்னஸ் டீச்சர் இறந்தபோதும் அதையேதான் சொன்னார். நாங்களும் போய்விட்டு வந்தோம்.

வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கெல்லாம் அவரும் ஊதா உடுப்பில்தான் வருவார். மழலை வகுப்பின் ஆணியில் வருஷம் முழுக்க ஒரு வெள்ளைத் தொப்பி, பிளாஸ்டிக் உறையோடு தொங்கும். விளையாட்டு ஆசிரியர் ராய்ஸ்டன் அவரை விடவே மாட்டான்.

"என்ன மிஸ், லாரிக்காரனுக்குக் காட்டவா இவ்வளவு அலங்காரம்?"

"உனக்குப் பொறாமைடா. என் சாவுக்கு மட்டும் நான் கண்டிப்பா வருவேன், முழுசா இருந்து பாத்துட்டுத்தான் போவேன்."

நாங்கள் திரும்பி வந்ததும் ஒவ்வொருவராக நிறுத்தி விசாரிப்பார். யார் அழுதது? யார் அழுகிற மாதிரி நடித்தது? பாதிரியார் எவ்வளவு நேரம் இழுத்தார்? மருமகள் என்ன தொப்பி போட்டிருந்தாள்? நாங்கள் கோவிலில் உட்கார்ந்து பார்த்ததைவிட அவர் கேட்டில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான் அதிகம். அவருக்குப் பிணத்தைக் கண்டால் பயம் என்று ராய்ஸ்டன் சொல்வான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடக்கத்துக்கு முந்தின மாலை ரேடியோவில் அறிவித்தார்கள். முதலில் ஆர்கன் இசை, பிறகு 'கேட் மிஸ் என்று அன்போடு அழைக்கப்பட்ட கிளாரிஸ் கடோர்', அதன் பிறகு அமெரிக்காவில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி வரைக்கும் உறவினர் பெயர்கள், கடைசியில் வட்டாரத்துப் பள்ளிகள் நண்பகலோடு மூடும் என்ற செய்தி. தலைமையாசிரியர் மிஸ்டர் கிட்டன்ஸ் முன்கூட்டியே கூட்டம் போட்டு வேலைகளைப் பிரித்திருந்தார். யார் பாடுவது, யார் பெட்டி தூக்குவது, கோக்கோ டீயும் உப்புமீன் ரொட்டியும் யார் பொறுப்பு, பள்ளி வேலையாள் கத்பர்ட் பெட்டி தூக்க எந்தப் பக்கம் நிற்பது என்பது வரை பேசினோம். ஒரு பூவின் நிறத்துக்காக நான் சண்டைகூடப் போட்டேன்.

அடக்கத்தன்று நண்பகலில் மணி அடித்தது. என் வகுப்புப் பெரிய பெண்களிடம், "சின்னதுங்களைக் கேட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பின்வாசலில் நின்ற வேனில் ஏறினேன். மற்ற வகுப்புகளிலும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள்.

கோவில் மேட்டின் மேல் இருக்கிறது. நிற்க இடமில்லை. நாற்காலி முன்னால் நின்று யாரிடமெல்லாம் அவர் பிள்ளையைக் கைமாற்றிக் கொடுத்தாரோ, அத்தனை தாய்மார்களும் வந்துவிட்டார்கள் என்று தோன்றியது. மிஸ்டர் கிட்டன்ஸ் எழுந்து பேச ஆரம்பித்தார். நன்றாகத்தான் பேசினார், கர்சீப்பும் கையில் தயாராக இருந்தது.

"நம்ம ஆளுங்க ஒவ்வொருத்தரையும் நாம அடக்கம் பண்ண வந்தப்போ, நம்ம பிள்ளைங்களோட கேட்டில உக்காந்திருந்தது யாரு? மிஸ் கிளாரிஸ். இன்னிக்கு..."

அங்கே நின்றுவிட்டார். அழுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் அழவில்லை. எங்கள் வரிசையைத் தலை தலையாகப் பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"இன்னிக்குக் கேட்டில யாரு இருக்கா?" என்று மைக்கிலேயே கேட்டார்.

நான் ராய்ஸ்டனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். கத்பர்ட் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். சமையல்காரி பாடகர் குழுவில் இருந்தாள். ஒருவர் மிச்சமில்லை. கோவிலில் ஒரு குழந்தை தும்மியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

யார் முதலில் எழுந்தது என்று தெரியாது. கதவுக்குப் பக்கத்தில் இருந்ததால் நான்தான் முதலில் வெளியே வந்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சரிவில் ஓடினேன். தொப்பி எங்கோ விழுந்தது. கீழே வளைவில் லாரி ஒன்று ஹாரன் அடிக்கும் சத்தம் கேட்டபோது என் வாயிலிருந்து வந்தது ஜெபமா வசவா என்று எனக்கே தெரியாது. மழலை வகுப்பில் படிக்கும் சின்ன ஷனியாவின் அம்மா ஹோட்டலில் அறை பெருக்குபவள், மாலை பஸ்ஸுக்கு முன்னால் வரமாட்டாள். ஷனியாவுக்கு ஐந்து வயது.

கேட் சாத்தியிருந்தது. மரத்தடியில் யாரும் இல்லை. நாற்காலியும் இல்லை.

"ஷனியா!" என்று கத்தினேன். எனக்கே பயமாக இருந்தது, அது என் குரல் மாதிரி இல்லை.

மழலை வகுப்பிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. டெலீஷா, ஒன்பது வயதுப் பெண். உதட்டில் விரலை வைத்து, "சத்தம் போடாதீங்க மிஸ், சின்னது தூங்குது" என்றாள்.

உள்ளே போனேன். கூட்டிப்போக இன்னும் ஆள் வராத ஐந்து பேர். சாலைப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். நாற்காலியை உள்ளே இழுத்துவந்து, அதைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து, பிஸ்கட்டைப் பங்கு போட்டுத் தின்றிருந்தார்கள். ஷனியா நாற்காலிக் காலைக் கட்டிக்கொண்டு தூங்கியது. நான் தரையில் விழுந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். பிறகுதான் அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன்.

"ஏன்டி கேட்டில நிக்கல?"

"கையக் குடுக்க ஆள் வராம கேட்டுப் பக்கம் போகக் கூடாதுன்னு மிஸ் கிளாரிஸ் சொல்லியிருக்காங்க. நீங்க ஏன் மிஸ் அதுக்குள்ள வந்துட்டீங்க? முடிஞ்சிருச்சா?"

"இல்ல. உங்களப் பாக்கத்தான் வந்தேன்."

 டெலீஷா எழுந்து போய், ஸ்டூல் போட்டு ஏறி, ஆணியிலிருந்து அந்த வெள்ளைத் தொப்பியை எடுத்து உறையைத் துடைத்தாள்.

"அடக்கம் நடக்கற அன்னிக்கெல்லாம் மிஸ் இத மடியில வெச்சுக்கிட்டேதான் உக்காந்திருப்பாங்க. யாராச்சும் திரும்பி வந்து 'நீங்க போங்க, நான் இருக்கேன்'னு சொன்னா சட்டுனு கிளம்பணும்ல, அப்பத் தொப்பியத் தேடிட்டு நிக்கக் கூடாதுன்னு சொல்வாங்க."

தெரிந்துகொண்டேதான் கேட்டேன்: "யாராச்சும் வந்தாங்களா?"

"நீங்கதான் மிஸ் மொதல்ல வந்திருக்கீங்க."

ராய்ஸ்டன் மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றான். பிள்ளைகளை எண்ணினான், சுவரில் சாய்ந்தான். பிள்ளைகள் பத்திரம் என்பதையும் தொப்பிக் கதையையும் நான் சொல்ல, கேட்டுக்கொண்டு கோவிலுக்குத் திரும்பிப் போனான்.

கல்லறைத் தோட்டம் கடலோரத்தில், எங்கள் பள்ளியைத் தாண்டித்தான். ஊர்வலம் பாடிக்கொண்டே வளைவில் திரும்பி வந்தது. இரண்டு லாரிகள் அதற்குப் பின்னால் மெதுவாக, ஹாரன் அடிக்காமல் ஊர்ந்தன. கேட் முன்னால் மிஸ்டர் கிட்டன்ஸ் கையைத் தூக்கினார், எல்லோரும் நின்றார்கள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உட்பக்கம் நின்ற என்னைப் பார்த்தார்.

"மெர்லின், நீ வா. வேற யாரையாவது இங்க நிறுத்தறேன்."

பிள்ளைகள் என் பின்னால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஷனியா தூக்கக் கலக்கத்தில் பெட்டியைப் பார்த்தது. நான் தொப்பியை உறையிலிருந்து எடுத்துக் கம்பி வழியாக நீட்டினேன்.

"இதப் பெட்டி மேல வைங்க சார். நான் இருக்கேன். இந்தத் தடவ அவங்க போகட்டும்."