அடைக்கலம் அண்ணன் தகராறு பண்ணவில்லை

அடைக்கலம் அண்ணன் இறந்துவிட்டார். நேற்றுக் காலை நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் கீரனூர் போய்ச் சேர்வதற்குள்ளேயே...

என் பெரியப்பா மகன். குன்றாண்டார்கோவில் பக்கம் எங்கள் ஊரில் அவரை நல்லவர் என்று சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். நானே சொல்ல மாட்டேன்.

குவைத்திலிருந்து திரும்பி வந்து வயலில் ஆழ்துளைப் போர் போட்டார். கண்மாய் வறண்டால் மணிக்கணக்குப் போட்டுத் தண்ணீர் விற்பார், சொந்தத் தம்பி வயலாக இருந்தாலும். வரப்புப் பிரச்சினையில் என் அப்பாவோடு பல வருஷமாகப் பேச்சே கிடையாது. என் கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார், அப்பா முகத்தைப் பார்க்காமலே கிளம்பிப் போனார்.

இதெல்லாம் உண்மை. இறந்துவிட்டார் என்பதற்காக மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் நேற்று அவர் வீட்டுப் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ஒருவர் சொன்னார். "இவன் அன்னைக்குத் தகராறு பண்ணாம இருந்திருந்தா ஊருக்கே இன்சூரன்ஸ் வந்திருக்கும்." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அழுதுகொண்டிருக்கும் அண்ணி முன்னால் சண்டை போட முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். அன்று நான் அங்கே இருந்தேன்.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்த நேரம். மழை ஏமாற்றிய வருஷம்.

பயிர் இன்சூரன்ஸ் கிடைக்குமா என்பதை ஒவ்வொருவர் வயலையும் பார்த்து முடிவு செய்ய மாட்டார்கள். குலுக்கல் மாதிரி சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, கயிறு கட்டி அளந்து, அந்த இடத்தை மட்டும் அறுத்து எடை போடுவார்கள். அந்த எடைதான் ஊருக்கே விளைச்சல். அது குறைந்தால்தான் ஊருக்குப் பணம்.

அன்று குலுக்கலில் வந்தது பழனியம்மா அக்கா வயல். கண்மாய்த் தண்ணீர் எட்டாத கடைசி வயல். கதிரை உருவினால் கையில் வெறும் பதர்தான் நின்றது.

அறுத்து எடை போட வந்த ஆபீசர்களில் ஒருவர் பார்த்தார். இதில் எதை அறுப்பது, பக்கத்து வயலில் கயிறு கட்டுங்கள், எல்லாம் ஒரே ஊர்தானே என்றார். பக்கத்து வயல் அடைக்கலம் அண்ணனுடையது. போர்த் தண்ணீரில் விளைந்து தலைசாய்ந்து நின்றது நெல்.

அண்ணன் வந்து வரப்பில் குறுக்கே நின்றார். கத்தவில்லை. யாரையும் தொடவில்லை.

"சார், இது போர் தண்ணியில வெளஞ்சது. இது என் வீட்டு வெள்ளாமை, ஊரு வெள்ளாமை இல்ல. எந்த வயலுன்னு வந்தீங்களோ அதை அறுங்க. பதரா இருந்தா பதருன்னு எழுதிக்கங்க."

அவ்வளவுதான். இதைத்தான் தகராறு என்கிறார்கள்.

இத்தனைக்கும் அவர் இன்சூரன்ஸ் பிரீமியமே கட்டாத மனுஷன்... போர் வைத்திருப்பவனுக்கு எதற்கு அந்தச் செலவு என்பார். ஊருக்கு வந்தாலும் அவருக்கு ஒரு பைசா வராது. பழனியம்மா அக்காவோடும் வரப்புச் சண்டைதான். பிறகு ஏன் நின்றார்? தெரியாது. பொய் எழுதப்போகிறார்கள், அதுவும் தன் நெல்லை வைத்து. அது அவருக்குப் பொறுக்கவில்லை போல.

அன்று கிளம்பிப் போய்விட்டார்கள். பிறகு ஒருநாள் அவர் டிராக்டர் ஸ்பேர் வாங்க அன்னவாசல் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்தார்கள். ரோட்டோரம் வேறொருவருடைய போர் வயலில் அறுத்துக்கொண்டு போனார்கள்.

எங்கள் ஊரில் அமோக விளைச்சல் என்று ஆகிவிட்டது. ஒருவருக்கும் இன்சூரன்ஸ் இல்லை.

அண்ணனை மட்டும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அரசு ஊழியரை வேலை செய்யவிடாமல் தடுத்தாராம். சாயங்காலம் வரை பெஞ்சில் உட்காரவைத்து, இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

மறுநாள் காலை புதுக்கோட்டையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் காலேஜில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்கிறேன். அதை வைத்து என்னைக் கிண்டல் பண்ணாமல் அவர் விட்டதே இல்லை. அன்று கிண்டல் இல்லை. இவர்களுக்கு மேலே யார் என்று மட்டும் கேட்டார்.

சொன்னேன். டெல்லியில் தேசிய அளவில் ஓர் அமைப்பு இருக்கிறது. அரசாங்கம் எடுக்கிற கணக்கெல்லாம் சரியான முறையில் எடுக்கப்படுகிறதா, யார் விருப்பத்துக்கும் வளையாமல் வெளியே வருகிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. இந்தத் துறையில் பெரிய ஆட்கள் அதில் இருப்பார்கள் என்றேன்.

"அவங்க சொன்னா இவங்க கேட்டுத்தான் ஆகணுமா?"

"இல்லண்ணே. பரிந்துரை பண்ணுவாங்க. கட்டாயப்படுத்தச் சட்டம் கிடையாது."

காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"அப்ப அவங்களும் வரப்புல நிக்கிற ஆளுதான்."

காபியைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

ஊர் மட்டும் விடவில்லை. இவன் எதிர்த்துப் பேசினான், ஆபீசர் கோபத்தில் அப்படி எழுதிவிட்டார் என்று எத்தனை பேர் எத்தனை சாதாரணமாகச் சொல்கிறார்கள்...

கோபத்தில் கூட்டி எழுத, சந்தோஷத்தில் குறைத்து எழுத, விளைச்சல் என்ன மொய்யா? அப்படி எழுதினால் கேட்பதற்கென்று டெல்லியில் ஓர் அமைப்பு, அதற்கு ஒரு ஆபீஸ், மீட்டிங், அறிக்கை. என் பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு பாடமே இருக்கிறது. எங்கள் ஊர் வரப்பில் ஒரு ஆள் இல்லை. நின்ற ஒரே ஆளை ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள்.

பொய் எழுதியவர் மேல் இந்த ஊரில் யாருக்கும் கோபம் இல்லை. பொய் எழுதாதே என்றவர் மேல், செத்த பிறகும் கோபம்.

நேற்று அந்தப் பேச்சுக்குப் பதில் சொன்னது பழனியம்மா அக்காதான். பெண்கள் கூட்டத்திலிருந்து எழுந்து வந்து, தலையாட்டியவர்கள் முன்னால் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"என் வயலுக்காக அந்த மனுசன் ஸ்டேஷன்ல ஒக்காந்திருந்தாரு. ஒங்கள்ல யாரு அங்கிட்டு வந்து எட்டிப் பாத்தீங்க?"

அண்ணி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

காரியத்துக்கு வருகிறவர்கள் வாங்க. சாப்பிட்டுவிட்டுப் போங்க. அவர் வாசலில் நின்று அந்தப் பேச்சை மட்டும் இனி யாரும் பேசாதீங்க.

அண்ணே... உங்களோடு சண்டை போட எனக்கு இன்னும் எவ்வளவோ பாக்கி இருந்தது. போயிட்டு வாங்க.