பன்னிரண்டு வோல்ட்டில் பட்ட பாடு

மின்சாமான் கடையில் நிற்பவனுக்கு வயரில் அடிக்கும் ஷாக்கைவிட வாடிக்கையாளர் வாயிலிருந்து வரும் ஷாக்தான் அதிகம். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய ஜீவன்களே, நீங்கள் இதை மறுக்க மாட்டீர்கள்.

இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் நான் பதுளைக் கடைவீதியில் ஒரு கடையில் வேலைக்கு நின்றேன். நாடா மாதிரிச் சுருட்டி வரும் எல்ஈடி லைட் அப்போதுதான் மலைக்கு ஏறி வந்தது. அதை வாங்கி வைப்போம் என்று யாழ்ப்பாணத்துக்கார முதலாளியை நச்சரித்தவன் நான்தான். அவர் அரை மனதாகச் சம்மதித்தார். கூடவே, “ஒண்டு கருகித் திரும்பி வந்தாலும் நீ மடுல்சீமை பஸ்ஸிலை ஏறலாம்” என்று சொல்லி வைத்தார்.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டம்தான் நான் பிறந்து வளர்ந்த இடம். “டவுன்ல வேலை” என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் பீற்றிக்கொண்டு வந்தவன், எந்த முகத்தோடு திரும்பிப் போய் இறங்குவது?

கணக்கு மாஸ்டர்

அந்த லைட்டை நேராக வீட்டுக் கரண்டில் செருகக் கூடாது. பன்னிரண்டு வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்க நடுவில் ஓர் அடாப்டர் வேண்டும். லைட்டை எல்லோரும் ஆசையாக வாங்குவார்கள். அடாப்டர் என்றதும், “அது வீட்டில கிடக்கு” என்பார்கள். பிரச்சினை அங்கேதான் கிடக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த கணக்கு மாஸ்டர் ஒருவர் அப்படித்தான் வாங்கிப் போனார். வீட்டில் கிடந்தது பழைய லப்டொப் அடாப்டர், பத்தொன்பது வோல்ட். போட்டதும் அறை பகலாகிவிட்டதாம். கொஞ்ச நேரத்தில் ஒரு தீய்ந்த வாடை, பிறகு இருட்டு. மறுநாள் அவர் கருகிய சுருளோடு படியேறியபோது எனக்கு மடுல்சீமை பஸ்ஸின் ஹோர்னே கேட்டது. நல்லவேளை, அவர் திருப்பித் தர வரவில்லை, வாதாட வந்திருந்தார். வோல்ட் அச்சொட்டாகப் பொருந்த வேண்டும் என்று தொண்டை வற்ற விளக்கினேன். புதுச் சுருளும் சரியான அடாப்டரும் வாங்கிக்கொண்டார். ஆனாலும் வாசலில் நின்று திரும்பிக் கேட்டார்: “பத்தொன்பதுக்குள்ளை பன்னிரண்டு அடங்குந்தானே, தம்பி?”

அரைப் பேர்

எங்கள் பக்கத்துத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் கோயில் திருவிழாவுக்கு ஒரு சுருள் வாங்கினார். அவரிடம் ரேடியோ அடாப்டர் இருந்தது. பன்னிரண்டு வோல்ட்தான், ஆனால் கொடுக்கக்கூடியது அரை ஆம்பியர். லைட் கேட்பதோ இரண்டு ஆம்பியர். வேண்டாம் என்றேன். கேட்டால்தானே. இரண்டு நாளில் பையோடு வந்து நின்றார். பைக்குள் கையை விடும்போது நான் மாரியம்மனை வேண்டிக்கொண்டேன். எடுத்தது அடாப்டரை. அது வெந்து வீங்கிப்போயிருந்தது, லைட்டுக்கு ஒன்றுமில்லை.

வோல்ட், ஆம்பியர் என்று எவ்வளவு சொல்லியும் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் தோட்டத்துப் பேச்சுக்கு இறங்கினேன். கொழுந்து நிறை குறைந்தால் அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான், அதை ‘அரைப் பேர்’ என்பார்கள். “அண்ணே, இந்த அடாப்டர் அரைப் பேருக்கு வந்த ஆளு. நீங்க ரெண்டு முழு ஆள் வேலைய அது தலையில கட்டியிருக்கீங்க” என்றேன். மனுஷன் அந்த வெந்த டப்பாவைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “முன்னாடியே சொல்லியிருந்தா சங்கத்துல பேசியிருப்பேனே தம்பி.”

பத்து ஆம்பியர்

ஹல்துமுல்லையிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு நேர்மாறான பயம். வீடு முழுக்க லைட் போட அவருக்குப் பத்து ஆம்பியர் அடாப்டர் எடுத்து வைத்தேன். அவ்வளவும் உள்ளே பாய்ந்தால் லைட் வெடிக்காதா என்றார். “இல்லம்மா, வோல்ட் சரியா இருந்தாப் போதும். ஆம்பியர் எவ்வளவு கூட இருந்தாலும் லைட்டு தனக்கு வேண்டியத மட்டுந்தான் எடுக்கும்” என்றேன். அவர் அடாப்டரைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்: “இந்தப் புத்தி எங்க வீட்டு மனுசனுக்குச் சாராயத் தவறணையில இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்.”

பால் காய்ச்சிய வீடு

முதலாளி பதுளையில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். சாமியறைக்கு லைட் போட என்னைக் கூப்பிடவில்லை. தன் கடைச் சாமானைப் பற்றித் தனக்கே சொல்லித்தர ஒருவன் வேண்டுமா என்ற ரோஷம். ராக்கைத் தட்டில் பார்க்கப் பெரிதாக இருந்த அடாப்டர் பெட்டியை அவரே எடுத்துப் போனார். அது இருபத்துநாலு வோல்ட். பால் பொங்க முன்பே லைட் பொங்கிவிட்டதாம்.

அன்று மத்தியானம் ஒரு பையோடு வந்து, கருகிய சுருளைக் கவுண்டரில் வைத்தார். குற்றம் யாருடையதாக இருந்தாலும், பஸ் ஏறுகிறவன் வேலைக்காரன்தானே. அவர் சுருளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடையில் வேறு யாரும் நிற்கிறார்களா என்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “தம்பி, இது திரும்பி வந்த கணக்கிலை சேராதுதானே?”

ஆகவே, வோல்ட் அச்சொட்டாக இருக்க வேண்டும், ஆம்பியர் தாராளமாக இருக்க வேண்டும், முதலாளி மட்டும் எப்படி இருந்தாலும் நாம்தான் அனுசரித்துப் போக வேண்டும்.