ஓரத்தில் நின்ற பெயர்

என் கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். ராசிபுரத்து மாடி வீட்டில் நானும் ஒரு கணினியும்தான். பெங்களூரிலுள்ள ஒரு கம்பெனிக்காக, சி மொழியில் எழுதிய பழைய நிரலைத் துப்புரவு செய்வது என் வேலை. பெரிய அலுவலகங்களின் தகவல்களைச் சேமிக்கும் டிஸ்க் பெட்டிகளை அந்த நிரல்தான் ஓட்டுகிறது. லட்சக்கணக்கான வரிகள். நிரலுக்குள் எங்கிருந்தும் அழைக்கப்படாமல் சும்மா கிடக்கும் ஃபங்ஷன் துண்டுகளை நீக்க வேண்டும், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் கொட்டும் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாக அடக்க வேண்டும். முன்பு இதற்கென ஒரு குழு இருந்தது. ஒவ்வொருவராக நல்ல சம்பளத்துக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் மிஞ்சினேன். என் வேலை சரியாக நடந்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றுமே நடக்காததற்கு யார் போன் செய்து பாராட்டப் போகிறார்கள்?

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புரியாத வரி வந்தால் முதலில் அது யார் கைவேலை என்று பார்ப்போம். ஒரு கட்டளை கொடுத்தால், ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்க ஓரத்தில் அதைக் கடைசியாகத் தொட்டவரின் பெயர் வந்து நிற்கும். டிஸ்க் பகுதி முழுக்க ஒரே பெயர்தான். நான் சேர்வதற்கு முன்பே போய்விட்டவர், முகம்கூடப் பார்த்ததில்லை. ஓரிடத்தில் படு அலட்சியம். அடுத்த கோப்பிலேயே, அடேயப்பா, என்ன நேர்த்தி! சிக்கலான ஓரிடத்தில் ஆங்கில எழுத்தில் தமிழிலேயே ஒரு குறிப்பு வேறு: "இங்க மட்டும் கை வெச்சிராத சாமி." அதைப் பார்த்த அன்று வாய்விட்டுச் சிரித்தேன். அட, நம்ம கொங்குப் பக்கத்து ஆள்!

அன்றிலிருந்து அவரோடு பேச ஆரம்பித்தேன். திட்டுவதுதான் அதிகம். "ஏனுங்க, கம்ப்யூட்டர்கிட்ட வாங்கின மெமரியத் திருப்பிக் குடுக்கோணும்னு தெரியாதுங்களா? உங்க மாமனாரா வந்து குடுப்பாரு?" ஒருநாள் கீழ்வீட்டு அக்கா படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, ஊட்டுக்கு ஒரம்பரை வந்திருக்காங்களா? பேச்சுச் சத்தம் கேட்டுது."

"இல்லீங்க்கா, போன்ல" என்று புளுகினேன்.

போன மாதம் மேனேஜர் உத்தரவு போட்டார். மொத்த நிரலையும் ஃபார்மேட்டரில் போட்டு, இடைவெளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் ஒரே சீராக்க வேண்டுமாம். ஓட்டுவது சுலபம். ஆனால் அதற்குப் பிறகு எல்லா வரிகளையும் கடைசியாகத் தொட்டவள் நானாகிவிடுவேன். அவர் பெயர் ஓரத்திலிருந்து போய்விடும். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"சார், அப்புறம் எதை யார் எழுதுனாங்கன்னு பார்த்ததும் தெரியாதுங்க."

"பழைய பதிவைத் தோண்டினா கிடைக்கும். அதுவுமில்லாம யாரு பார்க்கப் போறாங்க? இருக்கிறதே நீங்க ஒருத்தர்தானே."

சரியென்று சொல்லிவிட்டேன். ஆனாலும் அந்தப் பெயருக்கு உரியவரிடம் சொல்லாமல் செய்ய மனசு ஒப்பவில்லை. பழைய ஆட்களிடம் நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன். பெண் பார்க்க வந்த அன்றுகூட நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை.

நான் யார் என்று சொன்னேன். பெயர் போகப் போவதையும் அந்தச் 'சாமி' குறிப்பையும் சொன்னேன். மறுமுனையில் ஒரே சிரிப்பு.

"அது இன்னும் ஓடிட்டிருக்கா! மேடம், அதுல நான் ஒரு வரிகூட எழுதல. பழைய சர்வர்லேர்ந்து இங்க மாத்தினது மட்டும்தான் நான். பழைய பதிவு எதுவும் கூட வரல, மொத்தமும் என் பேர்ல விழுந்துடுச்சு. நான் மெட்ராஸ்காரன், சாமின்னெல்லாம் எனக்கு வராது."

"அப்ப எழுதுனது யாருங்க?"

"தெரியலையே. நான் சேர்றதுக்குள்ள அவங்கல்லாம் போயிட்டாங்க."

கடைசியாகத் தொட்டவர்தான், எழுதியவர் அல்ல. தினமும் இதிலேயே புழங்கும் எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது. கிடைத்த பெயரை ஆளாக்கிக்கொண்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வேற ஏதாவது டவுட் இருக்கா மேடம்?"

சும்மா கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருங்கள் என்று கேட்கத் தோன்றியது. எந்த உரிமையில் கேட்பது? "இல்லீங்க" என்றேன். அவர் வைத்துவிட்டார்.

ஃபார்மேட்டரை ஓட்டினேன். டிஸ்க் பகுதியைத் திறந்து பார்த்தேன். ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை என் பெயர் மட்டும் இருந்தது.