குருவியின் அலகிலிருந்த நூல்

புதுச்சத்திரம் அருகே நெடுஞ்சாலையோரம் இருக்கும், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் குழந்தைவேல்தான் பெயிண்டர். லாரியில் ஒரு குதிரையைப் பார்த்தாலே அது அவர் கை என்று டிரைவர்கள் சொல்லிவிடுவார்கள். அவருடைய தங்கை சௌமியாவின் கணவர் கோகுல்ராஜும் அதே பட்டறையில் அவர் பக்கத்தில் நின்று தொழில் பழகியவர்தான். பிறகு ராசிபுரத்தில் பிளெக்ஸ் கடை போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்தில் புதிதாக வந்த பல்கலைக்கழகம் தனக்கொரு சின்னம் கேட்டுப் போட்டி வைத்தபோது இருவரும் வரைந்து அனுப்பினார்கள். குழந்தைவேல் தன் வட்டத்துக்குள் எதையும் விடவில்லை. புத்தகம், விளக்கு, தறி, லாரிச் சக்கரம், பின்னால் பச்சையாகக் கொல்லிமலை. கோகுல்ராஜ் வரைந்தது ஒரு தூக்கணாங்குருவி. அதன் அலகிலிருந்து ஒரு நூல் பின்னால் வளைந்து வளைந்து போகும். எல்லாம் ஒரே நீலம். அதுதான் தேர்வானது.

"ரெண்டு கோடு. அதுக்கொரு பொன்னாடை. நம்மூரு மலைகூட இல்ல அதுல" என்றார் குழந்தைவேல், சோற்றைப் பிசைந்தபடி.

"நீங்க சந்தையவே உள்ள வெச்சீங்க. அதுல ஒரு குருவி வந்தா எங்கீங்க உக்காரும்?" என்றாள் மனைவி உஷாராணி.

சின்னம் அச்சடித்த துணிப்பையொன்றைத் தங்கை கொடுத்திருந்தாள். அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித்தான் அவர் கடைக்கு எடுத்துப் போவார். திருப்பாமல் விட்டால் தூரத்திலிருந்து பார்த்தாலும் அந்தக் குருவி தெளிவாகத் தெரியும். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

பல்கலைக்கழகப் பேருந்துகள் பெயிண்டுக்கு அவர் பட்டறைக்கே வந்தன. முதல் வண்டியில் டிரைவர் பக்கம் குருவி சரியாக முன்னே பறந்தது. படிக்கட்டுப் பக்கம், சின்னத்தை வெட்டிய அதே ஸ்டென்சிலை வைத்துப் பார்த்தவர் சிரித்துவிட்டார். குருவி பின்சக்கரத்தைப் பார்த்துப் பறந்தது. லாரியில் குதிரையோ கழுகோ எந்தப் பக்கத்திலும் வண்டியின் முகத்தைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். அதற்காக ஸ்டென்சிலைத் திருப்பிப் போடுவது பட்டறை வழக்கம். அப்படியே திருப்பிப் போட்டு அடித்தார். அடித்த கையோடு போன் போட்டார்.

"மாப்ள, ஒரு எட்டு வந்து பாருங்க. உங்க குருவி பின்னால பறந்துச்சு. நாந்தான் நேராக்கி உட்டிருக்கேன்."

கோகுல்ராஜ் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். படிக்கட்டுப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

"ஏனுங்க மச்சான், மலையத் திருப்பிட்டீங்களே?"

"எந்த மலை?"

"அந்த நூலுதானுங்க."

கோகுல்ராஜ் பட்டறைச் சுவருக்கு மேலே கை காட்டினார். வெயிலில் கொல்லிமலை நீலமாகக் கிடந்தது. இடப்பக்கம் மெல்ல ஏறி, இரண்டு மேடு தாண்டி, வலப்பக்கம் சட்டென்று இறங்கும் அதே கோடு. வண்டியில் அது இடவலம் மாறிக் கிடந்தது.

"நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார் கோகுல்ராஜ். கேலியாகச் சொல்லவில்லை. கேலி செய்திருந்தால் குழந்தைவேல் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார்.

அவர் போன பிறகு குழந்தைவேல் அந்தப் பக்கத்தைத் தேய்த்து அழித்து, ஸ்டென்சிலை நேராக வைத்து மறுபடி அடித்தார். குருவி பின்னால் பறந்தது. மலை சரியாக இருந்தது.

இத்தனை வருடம் தினமும் பார்த்த மலை. இப்போது பட்டறைக் கதவைத் திறந்ததும் எதிரே தெரிவது கோகுல்ராஜின் நூல்தான். ஸ்டூலை இழுத்து, மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் அவர் வேலையைத் தொடங்குகிறார்.