பின்சக்கர ஜோடி

கப்பலூரில் கருவேலங்காடாகக் கிடந்த இடத்தில் லாரி ஷெட் போட்டவன் நான். ஓர் ஓட்டை லாரியில் தொடங்கி ஐந்து லாரிக்கு முதலாளி ஆனவன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாமலே மூன்று மகள்களையும் பட்டம் வாங்க வைத்தவனும் நான்தான். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்த வங்கி மேனேஜர், பிறகு அதே கையெழுத்துக்காக ஷெட்டில் வந்து காத்துக் கிடந்தார். இவ்வளவும் செய்தவனை, டயர் வாங்கும்போது ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை.

மூத்த மருமகன் மெத்தப் படித்தவர். தொழிலுக்கு வந்து ஒரு மாதம்தான். பரவை மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குத் தக்காளி ஏற்றும் வேலையைப் பிடித்துவிட்டார். அதில் குறை சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் முதல் லோடு. வண்டி மலைப்பாதையில் படுத்துவிட்டால் சரக்கு நாறும், வியாபாரி வேறு லாரியைப் பார்த்துக்கொள்வார். அந்த ஆறு சக்கர வண்டியின் பின்பக்கம், இரண்டு ஜோடியிலும் ஒவ்வொரு டயர் மொட்டை. மருமகன் இரண்டு நாள் செல்போனில் ஆராய்ச்சி செய்து இரண்டு புது டயர் வாங்கினார். பாதி தேய்ந்த டயருக்குப் பக்கத்திலேயே புதுசை மாட்டச் சொன்னார். நான் போய்க் குறுக்கே நின்றேன்.

"மாப்ள, புதுசையும் பழசையும் ஜோடி சேக்குறீங்களே, ஜாதகம் பாத்தீங்களா?"

"சைஸ் நம்பர் ரெண்டுலயும் ஒண்ணுதான் மாமா. படிச்சுப் பாருங்க."

"நம்பர் தேயாது மாப்ள. ரப்பர்தான் தேயும்."

இரண்டு டயரையும் அருகருகே நிறுத்தி மேலே ஒரு பலகையை வைத்தேன். சறுக்குமரம் மாதிரிச் சாய்ந்தது. உயரமானது மொத்தப் பாரத்தையும் வாங்கிச் சூடேறி வெடிக்கும். குட்டையானது சும்மா கூடவே வரும், என் வீட்டு மருமகன்களைப் போல என்றேன். மெக்கானிக் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அப்ப இன்னும் ரெண்டு வாங்கணுமா மாமா?"

"எதுக்கு? முன்னாடி ஓடுறதும் பாதி தேஞ்சதுதான? அதைக் கழட்டிப் பின்னாடி ஜோடி போடுங்க. புதுசு ரெண்டும் முன்னாடி. இம்புட்டுத்தான். இதுக்கா ரெண்டு நாளு போனைத் தேச்சீங்க?"

மாற்றி வைத்தபோது பலகை மட்டமாக நின்றது. வண்டி மலையேறி இறங்கியது. வேலையும் நிலைத்தது.

மறுவாரம் பரவை டீக்கடையில் மருமகன் நாலு லாரி முதலாளிகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "ஜோடி சேக்கும்போது உயரம் பாக்கணும்ணே. நான் பலகை வச்சுப் பாத்துத்தான் மாட்டுவேன்."

"படிச்ச புள்ள படிச்ச புள்ளதாய்யா" என்றார் ஒருவர். பின்னால் டீயோடு நின்ற என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகவே சொல்கிறேன். பலகை வைத்தவர் மாமாதான் என்று, அதே கடையில், அதே நாலு பேரை வைத்துக்கொண்டு மருமகன் சொல்ல வேண்டும். வீட்டில் என் காதோடு சொன்னால் செல்லாது.